மாசி அமாவாசைக்கு எங்கே போவது? மாடி, வளவு வீடு, கண்மாய்க் கரை, கொடைக்கானல்

தை பிறந்துவிட்டால் வானம் பார்க்கும் எங்கள் கூட்டத்தில் ஒரே கேள்விதான்: "இந்த மாசி அமாவாசைக்கு எங்கே போறோம்?" காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். சிலரிடம் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, அதாவது பெரிய குழாயின் அடியில் கண்ணாடி வைத்த வகை, இருக்கிறது. சிலர் பைனாகுலரோடு வருவார்கள். நாலைந்து பேருக்குக் கேமராவும் டிரைபாடும்தான் உலகம். ஆளுக்கு ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசிப் பேசியே அமாவாசை போய் வளர்பிறை வந்துவிட்ட வருடமும் உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களும் இதையே கேட்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்த நான்கு இடங்களையும் இங்கே எடை போட்டு வைக்கிறேன்.

மாசி ஏன் என்று கேட்டால், இந்தச் சீமையில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போய்விடும். மார்கழியிலும் தையிலும் விடிகாலை மூடுபனி. ஆடி, ஆவணியில் பொழுது சாய்ந்தால் இடிமேகம். மாசியும் பங்குனியும்தான் இரவு முழுக்க வானம் கிடைக்கும் மாதங்கள்.

முதலில் எதைப் பார்ப்பது?

"இருட்டான இடம் எது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு முதல் கேள்வி, "எந்தப் பக்கம் இருட்டு?" என்பது. காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. வடநாட்டுக்காரர்கள் ஏங்கும் தெற்கு வானம் நமக்கு வீட்டு வாசலிலேயே விரிகிறது. பிப்ரவரி கடைசி வாரத்தில் ஓர் இரவு எப்படி நகரும் என்று பாருங்கள்:

| பார்க்க வேண்டியது | உச்சத்துக்கு வரும் நேரம் | தெற்கு அடிவானத்திலிருந்து உயரம் |
|---|---|---|
| ஓரியன் நெபுலா (வாயு மேகம்) | இரவு 7.30 | 74 டிகிரி |
| அகத்தியர் (கனோபஸ்) | இரவு 8.20 | 27 டிகிரி |
| கரினா நெபுலா | 12.45 | 20 டிகிரி |
| தெற்குச் சிலுவை (திரிசங்கு) | 2.30 | 17 முதல் 23 டிகிரி வரை |
| ஒமேகா சென்டாரி (விண்மீன் கொத்து) | 3.25 | 32 டிகிரி |

இரண்டு மணிக்குப் பிறகு தென்கிழக்கில் பால்வீதியின் மையப் பகுதி எழ ஆரம்பிக்கும். ஐந்தே கால் வாக்கில் கிழக்கு வெளுக்கும் வரை அதுவும் நமக்குத்தான்.

கரினா நெபுலா டெல்லியில் உச்சத்தில்கூட அடிவானத்துக்கு மேல் இரண்டு டிகிரி ஏறாது. 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தைவிடவும் நமக்கு இரண்டரை டிகிரி உயரமாகத் தெரியும். ஆனால் 20 டிகிரி உயரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்கும்போது, தலைக்கு நேர் மேலே பார்ப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். அந்தக் காற்றில் புகையோ ஊர் வெளிச்சமோ கலந்திருந்தால் அவ்வளவுதான். ஆகவே தெற்கே பெரிய ஊர் இருக்கக்கூடாது. இதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, அதிகாலை நான்கு வரை அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா? கழிப்பறை, தண்ணீர், கூட வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு எல்லாம் இதில் அடக்கம். ஒமேகா சென்டாரி உச்சத்துக்கு வருவது மூன்றரைக்கு. ஒரு மணிக்கு மூட்டை கட்டினால் பாதி இரவைத் தொலைத்தோம். மூன்றாவது, கண்ணால் பார்ப்பவரும் படம் எடுப்பவரும் சண்டை இல்லாமல் நிற்க இடம் இருக்கிறதா? நான்காவது செலவு. கையை விட்டுப் போகும் பணத்தோடு, கணக்கில் வராமல் ஒளிந்திருக்கும் செலவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சொந்த வீட்டு மொட்டை மாடி

செலவு கிடையாது, கரன்ட் உண்டு, தூக்கம் வந்தால் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளலாம். நிலா, வியாழன், சனி, இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு மாடியே போதும். தொலைநோக்கி வாங்கிய முதல் மாதம் எல்லோரும் மாடியில்தான் பழக வேண்டும்; ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மாற்றத் தெரியாமல் கண்மாய்க்கு வந்து இருட்டில் திருகாணியைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

குறை என்னவென்றால் எல்இடி தெருவிளக்கு. நெடுநேரம் திறந்து எடுக்கும் படத்தில் வானம் சாம்பல் பூசியதுபோல் விழும். கார்த்திகைக் கூட்டத்தில் நாலு மீனை எண்ணுவதே பாடு. அப்புறம் தளத்தின் சூடு. பகலெல்லாம் காய்ந்த தளம் நடுராத்திரி வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதிக உருப்பெருக்கத்தில் வியாழன் கொதிக்கிற பாலைப்போலத் தளும்பும். யாராவது நடந்தால் தளம் அதிர்ந்து, ஐபீஸில் விண்மீன் துள்ளும். கைப்பிடிச் சுவரும் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்கும் தெற்கே இருபது டிகிரியை மறைத்தால் கரினா கதை முடிந்தது.

வளவு வீடு: ஓர் இரவு வாடகைக்கு

கானாடுகாத்தான் பக்கம் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய செட்டிநாட்டு வளவு வீடுகள் பல இப்போது தங்கும் விடுதிகள். குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. சாப்பாடு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு, மாடியும் பெரிது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. நாலு பக்கமும் கூரை சூழ்ந்த வளவின் முற்றத்தில் நின்றால் தெருவிளக்கு ஒன்றும் கண்ணில் படாது. தலைக்கு மேல் சதுரமாக ஒரு துண்டு வானம். மாசியில் ஏழரை மணிக்கு ஓரியன் அந்தச் சதுரத்துக்குள் வந்து நிற்கும். தூண்களுக்கும் ஓட்டுச் சரிவுக்கும் நடுவே அதை அகலக் கோண லென்ஸில் எடுத்தால் வேறெங்கும் கிடைக்காத படம். அந்த ஒரு படத்துக்காகவே நான் ஒரு முறை வாடகை கொடுத்திருக்கிறேன், வருத்தமில்லை.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் காரைக்குடிக்கு வடக்கே இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே பார்த்தால் நேர் எதிரே காரைக்குடியின் வெளிச்சம் குடைபோல் எழுந்து நிற்கும். கரினாவும் சிலுவையும் அந்தக் குடைக்குள்தான் ஏறி இறங்க வேண்டும். கிராமம்தானே, இருட்டாகத்தான் இருக்கும் என்று போனவர்கள் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வடக்கு வானம் அருமை, தெற்கு வானம் மங்கல்.

ஒளிந்திருக்கும் செலவு இன்னொன்று: விளக்கு உங்கள் கையில் இருக்காது. ஒரு விடுதியில் முன்கூட்டியே சொல்லி வைத்தும், நடுராத்திரி ஒரு மணிக்குக் காவலாளி "இருட்டுல உக்காந்திருக்கீங்களே சார்" என்று அக்கறையாக மாடி ஃபோகஸ் லைட்டைப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு பேரின் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆயிற்று. ஓடிக்கொண்டிருந்த படம் அத்தனையும் பாழ். முன்பணம் கொடுப்பதற்கு முன் மாடி விளக்கின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், முதல் முறை வரும் விருந்தாளிகள் இருந்தால் இதுவே சரி. பத்து மணிக்குள் ஓரியன், கார்த்திகை, அகத்தியர் மூன்றையும் காட்டித் தூங்க அனுப்பிவிடலாம்.

கண்மாய்க் கரை

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எந்தக் கண்மாயும் ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம்.

காரைக்குடியை வடக்கே விட்டுவிட்டு, கல்லல் தாண்டி காளையார்கோவில் போகும் பக்கம் வாருங்கள். காரைக்குடி வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தேவகோட்டை கிழக்கே ஒதுங்கும், சிவகங்கை மேற்கே ஒதுங்கும். தெற்கே கிட்டத்தில் பெரிய ஊர் கிடையாது. இந்தப் பகுதியில் நிலம் தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பல கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலும் தெற்கிலும்தான் அமைந்திருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் வயல். கரை மேல் ஏறித் தெற்கே திரும்பினால், கண்ணுக்கு எட்டியவரை மரமோ மாடியோ இல்லாத வயல்வெளி. வானம் பார்க்கிறவன் வரைந்து கட்டினாலும் இப்படிக் கட்டியிருக்க மாட்டான்.

கிழக்கு மேற்காக ஓடும் கரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் ஒரே வரிசையில் தெற்கே பார்த்து நிற்கலாம், ஒருவர் இன்னொருவரின் படத்துக்குள் வரமாட்டார். வடக்குத் தெற்காக ஓடும் கரையில் முன்னால் நிற்பவரின் தலை பின்னால் நிற்பவரின் எல்லாப் படத்திலும் இருக்கும்.

இனிக் கஷ்டங்கள். முதலில் பனி. தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் மூன்று மணிக்கு மேல் கொட்டும். டாப்சோனியனின் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் தப்பித்துவிடும். ஃபைண்டரும் (குறி பார்க்கும் சிறு தொலைநோக்கி) ஐபீஸும் கேமரா லென்ஸும்தான் நனையும். லென்ஸைச் சுற்றி நீளமான காலண்டர் அட்டையைக் குழல்போல் சுருட்டிக் கட்டினாலே ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாங்கும். அதற்கு மேல் பவர்பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டைதான் வழி. துணியால் துடைத்தால் லென்ஸ் கீறும், பனியும் மறுபடி படியும்.

இரண்டாவது கரி மூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடும் ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. காற்றில்லாத இரவில் புகை தரையோடு படிந்து நிற்கும். அடிவானத்திலிருந்து பதினேழு பதினெட்டு டிகிரி வரை பழுப்பேறிவிட்டால் சிலுவையின் அடி விண்மீன் தெரியாது. பகலிலேயே ஒரு சுற்றுப் போய், தெற்கே எங்காவது புகை எழுகிறதா என்று பார்த்துவிட்டு வருவது நல்லது. அறுவடை தள்ளிப்போன வருடமானால் கதிர் அறுக்கும் மெஷின் ராத்திரியில் ஓடும். அதன் விளக்கை அணைக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மூன்றாவதுதான் முக்கியம்: ஊர்க்காரர்கள். அவர்களிடம் சொல்லாமல் போகாதீர்கள். முதல் வருடம் நாங்கள் சொல்லாமல் போனோம். பதினொரு மணிக்கு நாலு பேர் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். மூன்று கால் டிரைபாடும் குழாயும் பார்த்தால் அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

"என்ன தம்பி, ராத்திரியில சர்வே எடுக்கிறீங்க? ரோடு வருதா?"

நிலத்தை அளக்கவில்லை, வானத்தைப் பார்க்கிறோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வந்தவர்களில் மூத்தவரைத் தொலைநோக்கியில் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்க்க வைத்தோம். வெறும் கண்ணுக்கு ஆறேழு மீன்கள் தெரிகிற இடத்தில் நாற்பது ஐம்பது மின்னுவதைப் பார்த்துவிட்டு, "அட, ஆறாமீனுக்கு இம்புட்டுப் பிள்ளைகளா" என்றார். அதற்குப் பிறகு ரோடு பேச்சு எழவில்லை. மறு வருடம் முதல் முந்தின வாரமே போய்ச் சொல்லிவிடுகிறோம். பத்து மணி வரை ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, அதன் பிறகு எங்கள் வேலை என்று ஏற்பாடு. தண்ணீர், கழிப்பறை, அவசரத்துக்கு ஒரு வீட்டுத் திண்ணை எல்லாம் அப்படித்தான் கிடைத்தன. வாடகை கிடையாது, அந்த இரண்டு மணி நேரம்தான் வாடகை.

பாம்புக்கு மூடிய செருப்பு. நாய்க்குப் பிஸ்கட். அய்யனார் கோவில் புரவிகளை முன்னால் வைத்துப் பால்வீதி எடுக்க எல்லோருக்கும் ஆசை உண்டு, எனக்கும்தான். பூசாரியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புரவி மேல் டார்ச் அடித்து வெளிச்சம் பூசுவதை அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மகா சிவராத்திரி வருவது மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில்; அன்றைக்கு நிலா விடியும் நேரத்தில்தான் எட்டிப்பார்க்கும். ஊரே கண்விழிக்கிற இருட்டு இரவு, இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஒரு வருடம் அன்றைக்கே கிளம்பினோம். குலதெய்வக் கோவில் இல்லாத கண்மாய் உண்டா? திசைக்கு ஒரு டியூப் லைட் வரிசை, திசைக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அமாவாசைக்கு மறுநாளோ அதையொட்டிய சனிக்கிழமையோதான் நமக்கு.

கொடைக்கானல்

"பேசாம மலைக்குப் போயிடலாமே" என்று வருடா வருடம் ஒருவர் சொல்வார். காற்று தெளிவு என்பது உண்மை. சூரியனை ஆராய 1899இல் தொடங்கிய வானாய்வகம் அங்கே 2,300 மீட்டருக்கும் மேலே இருப்பது சும்மா இல்லை. புழுதியும் மூட்டப் புகையும் கீழேயே நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அதில் கடைசிப் பகுதி மலைப்பாதை. 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். வனத்துறை நிலத்தில் இரவு நிற்க முடியாது. ஆக, விடுதி மாடிதான். விடுதி என்றால் மறுபடியும் பிறத்தியார் கையில் சுவிட்ச். வெளியே நின்றால் காட்டெருமை உலாவும். குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் தீரும், இரண்டுக்கு நாலாக எடுத்துப்போக வேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும் மேகம் ஒன்று வந்து விடுதியையே மூடிவிட்டால், 200 கிலோமீட்டரும் டீ குடிக்கப் போனதாக ஆகிவிடும்.

இன்னொன்று, அங்கே போனாலும் தெற்கு வானம் கூடுதலாகக் கிடைக்காது. கொடைக்கானலும் அதே 10 டிகிரிதான். ஊரின் தெற்கு விளிம்பில் நின்றால் கீழே பெரியகுளமும் தேனியும் ஒளிரும். மலை ஏறிப் போயும் தெற்கே ஊர்தான்.

எனக்குக் கொடைக்கானல் சரியென்று படுவது ஒரே சூழலில்: எப்படியும் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் அங்கே தங்கப் போகிறீர்கள், கையில் பைனாகுலரோ சிறு கேமராவோ போதும் என்கிறபோது. ஓர் இரவு மூடினாலும் அடுத்த இரவு திறக்கலாம். எட்டு அங்குலக் குழாயை மலையேற்றாதீர்கள். காரில் அது ஒரு முழு ஆளின் இடத்தைப் பிடிக்கும்.

இரண்டு கூட்டம், ஓர் இரவு

எந்த இடம் என்பதைவிட இதில்தான் நட்பு முறியும். கண்ணால் பார்ப்பவருக்கு இருட்டு பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். கேமராவின் திரை ஒரு நொடி பளிச்சிட்டால் போயிற்று. படம் எடுப்பவருக்கோ அடுத்தவரின் சிவப்பு டார்ச் அசைந்தாலே படம் கெடும், பச்சை லேசரை யாராவது நீட்டினால் கேட்கவே வேண்டாம். கேமரா தெற்கே பார்த்தால் அதன் திரை வடக்கே பார்க்கும். தொலைநோக்கிக்காரர்கள் பின்னால் நின்றால் திரை கண்ணில் அடிக்கும். முன்னால் நின்றால் படத்தில் விழுவார்கள். கண்மாய்க் கரை இங்கேயும் கைகொடுக்கிறது: ஒரே வரிசையில் மேற்கு முனை தொலைநோக்கிக்கு, கிழக்கு முனை கேமராவுக்கு, நடுவில் ஒரு காரை நிறுத்திவிடலாம். காரின் உள்விளக்கை அணைத்து வைக்க மறக்க வேண்டாம். மாடியில் இந்தப் பிரிவினைக்கு இடம் கிடையாது.

டிராக்கர் (விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும்; அந்த நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு மேல் 10 டிகிரிதான். தெற்கே இருட்டு வேண்டும் என்று காரைக்குடியை வடக்கே விட்டோமா, அந்த வெளிச்சத்திலேயே துருவம் மூழ்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு பனைவரிசை மறைக்கும். என் யோசனைக்கு நான் கட்டும் வட்டி இது. செல்போன் திசைகாட்டியை வைத்து வடக்கு பார்த்து, சாய்வைப் பத்து டிகிரிக்கு வைத்தால் அகல லென்ஸுக்குப் போதும்.

டிராக்கர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 500ஐ லென்ஸின் குவிய நீளத்தால் (மி.மீ.) வகுத்தால் விண்மீன் கோடாக இழுபடாமல் எத்தனை நொடி எடுக்கலாம் என்று வரும். சிறு சென்சார் கேமராவுக்கு அந்த நீளத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஆறேழு நொடி. இது ஓரியன் பக்கத்துக் கணக்கு. துருவத்தை நெருங்க நெருங்க விண்மீன்கள் நகர்வது மெதுவாகும்; கரினா இருக்கும் இடத்தில் வேகம் பாதிதான். அங்கே பன்னிரண்டு பதின்மூன்று நொடி தாராளமாக எடுக்கலாம். அப்படி நூறு படம் எடுத்து அடுக்கினால், கரினாவின் செம்மை டிராக்கர் இல்லாமலே எழுந்து வரும்.

இந்த வருடம்

கல்லல் பக்கத்துக் கண்மாய்தான் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் கரை மேல் ஏறப் போவதில்லை. கரைக்குத் தெற்கே, வயலை ஒட்டி ஊர்ப் பொதுவில் சிமென்ட் போட்ட களம் ஒன்று இருக்கிறது. கரையைவிட அகலம், மட்டமான தரை, புழுதி கிடையாது, தண்ணீரை விட்டுத் தள்ளி இருப்பதால் பனியும் கொஞ்சம் குறைவு. ஒரே தடை, அறுவடை தள்ளிப்போன வருடத்தில் மாசியிலும் அங்கே நெல் காய்ந்துகொண்டிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் அண்ணனைப் போனில் பிடித்துக் கேட்டேன். "நெல்லெல்லாம் அள்ளியாச்சு தம்பி. உளுந்து கொஞ்சம் கிடக்கு, ஓரமா ஒதுக்கி வைக்கச் சொல்றேன். அந்தப் பெரிய குழாயை மறக்காமக் கொண்டாங்க" என்றார்.